சவேரியார் தேரும் முத்துநாயகத்தின் காரும்

நாகர்கோவிலில் வாடகைக் கார் ஓட்டிய ததேயுஸுக்கு, ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கண்டாலே எரிச்சல். கடலைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். கடலில் அப்படி என்ன இருக்கிறது? அவன் பிறந்ததே கடற்கரையில்தான். உப்புக்காற்று போதும் போதும் என்றாகித்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு டவுனுக்கு வந்தான்.

ஆனால் 1952 டிசம்பரில் வந்த ஆத்திரம் வேறு. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, கடைசி நாள் தேர். மகள் குளோரி அம்மை போட்டுக் கண் திறக்காமல் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் இரண்டு பேரும் சேர்ந்து தேருக்குப் பின்னால் கும்பிட்டு வருகிறோம் என்று அவனும் மனைவி இசபெலும் நேர்ந்திருந்தார்கள். நாலு எட்டு நடந்து, தரையில் நெடுக விழுந்து, எழுந்து, மறுபடி நாலு எட்டு. பிள்ளை பிழைத்து ஓடியாடித் திரிகிறாள். நேர்ச்சைதான் இரண்டு வருஷமாக அப்படியே நிற்கிறது. திருவிழா என்றால் சவாரிக்கு மேல் சவாரி. கார் முதலாளி முத்துநாயகம் விட்டால்தானே?

இந்த வருஷமும் கேட்டுப் பார்த்தான்.

"லேய், மதுரையில இருந்து ஒரு வக்கீலும் பெஞ்சாதியும் வந்திருக்காவ. கன்னியாகுமரி, முட்டம் எல்லாம் காட்டிட்டு வா. திருவிழாக் கூட்டத்துல காரை விட்டுட்டு அங்க இங்க போனேன்னு கேட்டேன், சாவிய வச்சிட்டு ஒனக்க பாட்டுக்குப் போயிரலாம்" என்றார் அவர்.

இசபெல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "தனியா கும்பிட எனக்குத் தெரியாதா? ரெண்டு பேருமா நேந்தது. சவேரியாருக்கு வருசா வருசம் சாக்கு சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு."

"ஏட்டி, தேர் இழுக்கதுக்குள்ள வந்துருவேன், பாத்துக்க."

அதற்கு ஒரு வழியும் யோசித்து வைத்திருந்தான். கன்னியாகுமரியில் சூரிய உதயத்தைக் காட்டிவிட்டு, அலங்கார மாதா கோயிலைக் காட்டும்போதே ஆரம்பித்துவிட்டான். "ஐயா, இதெல்லாம் என்ன? கோட்டாத்துத் தேரைப் பாக்காம போனா இந்த ஊருக்கு வந்ததே வெறுதே." அவர்களைத் தேர் பக்கம் கொண்டு சேர்த்து, காரில் இருந்தபடியே பார்க்கச் சொல்லிவிட்டு ஓடிவிடலாம், காருக்கும் காவல் ஆயிற்று என்று அவனுக்கு நினைப்பு.

முட்டம் கெடுத்தது. பாறைமேல் ஏறிய வக்கீல் இறங்கவே இல்லை. அந்த அம்மாள் அலைக்குக் காலைக் காட்டுவதும் கத்திக்கொண்டு ஓடி வருவதுமாக இருந்தாள். ததேயுஸ் ஹாரனை அடித்துப் பார்த்தான். தொண்டையைச் செருமிப் பார்த்தான்.

"அலை நாளைக்கும் அடிக்கும்மா, தேர் இன்னைக்குத்தான்!" என்று கடைசியில் கத்தியே விட்டான்.

கோட்டாறு வந்தபோது வெடி முழங்கிக்கொண்டிருந்தது. தேர் புறப்பட்டாயிற்று. ஒரு தெரு தள்ளிக் காரை நிறுத்திவிட்டுக் கெஞ்சினான். "ஐயா, எனக்கு ஒரு நேர்ச்சை இருக்கு. நீங்க கொஞ்சம் கார்ல இரியுங்க."

"நல்லா இருக்கேப்பா! காலையிலேருந்து தேர், தேர்னு உயிரை வாங்கினது நீதானே? இப்ப என்னைக் கார்ல உக்காருங்கிறே!" வக்கீல் மனைவியோடு கூட்டத்துக்குள் புகுந்துவிட்டார்.

இந்தப் பாழும் வாயை என்ன செய்ய! காரைச் சுற்றி ஒரே நெரிசல். சாவியை வீசிவிட்டுப் போய்விடலாமா என்று தோன்றியது. போனால் நாளைக்கு அடுப்பு எரிய வேண்டாமா? கூரைகளுக்கு மேலே தேரின் உச்சி மட்டும் மெல்ல நகர்ந்து போயிற்று.

"சவேரியாரே, இது என்ன நியாயம்?" என்று சத்தமாகவே கேட்டான். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெகுநேரம் கழித்து இருவரும் வந்தார்கள். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"டிரைவர், எல்லாரும் ஒரு தடவை விழுந்து கும்பிட்டுப் போறாங்க. ஒருத்தி மட்டும் தன் பக்கத்துல ஒரு ஆள் இடத்தைக் காலியா விட்டுக்கிட்டே போனா. யாரையும் அதுல வர விடலை. தான் விழுந்து எழுந்ததும் அந்த இடத்துக்கு நகர்ந்து இன்னொரு தடவை விழுந்தா. முழங்கையெல்லாம் ரத்தம். இது என்னப்பா வழக்கம்?"

ததேயுஸ் கார்க் கதவைத் திறந்து பிடித்தான்.

"அப்படி ஒரு வழக்கம் கிடையாதும்மா" என்றான். "ரெண்டாவது எனக்க கும்பிடு."