உருவு தையல்

அரியலூர்க் கடலை மண்டியில் மூட்டைகள் அடுக்கிக் கிடக்கும்போது, அதில் எது கொளஞ்சியம்மாள் தைத்தது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மூட்டையின் வாயோரத்தில் ஒரு முழம் சணல் தொங்கும். மற்ற பெண்கள் விரற்கடை அளவு விட்டு நறுக்கிவிடுவார்கள். இவள் மட்டும் தாராளமாக விடுவாள். சணல் என்ன ஓசியிலா வருகிறது என்று கணக்கப்பிள்ளை கத்திப் பார்த்தார். "கத்துனா கத்துங்க, நான் இப்படித்தான் தைப்பேன்" என்று சொல்லிவிட்டு, கோணி ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். புதிதாக வந்த யாராவது அதைப் பற்றி வாயைத் திறந்தால், விஷயம் தெரிந்தவர்கள் முழங்கையால் இடித்து அடக்கிவிடுவார்கள்.

மூட்டையை இரண்டு விதமாகத் தைக்கலாம். ரயிலேறி வெகுதூரம் போகிற மூட்டைக்கு முடிச்சுத் தையல். அதைத் திறக்க வேண்டுமானால் அறுக்கத்தான் வேண்டும். மண்டிக்குள்ளேயே பிரித்துக் காட்டுகிற மூட்டைக்கு உருவு தையல். கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்துக்கொண்டே போய், கடைசிக் கண்ணியில் நுனியை வெளியே விட்டுவிடுவார்கள். வியாபாரி வந்து நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும், சரசரவென்று மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். இந்த வேலையில் கொளஞ்சியை அடிக்க மண்டியில் ஆளில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, மண்டை பிளக்கிற சித்திரை வெயிலில் மெட்ராஸிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது. சுண்ணாம்புக்கல் தோண்டிவிட்டுப் போட்ட பழைய குழி ஒன்றில் படம் எடுக்கிறார்களாம். குழிக்குள்ளிருந்து ஒரு பூதம் எழும்பி வந்து ஊரை அழிக்கிறதாம். நம் ஊரை அழிக்கப் பூதம் வேறு தனியாக வர வேண்டுமா! ஆனால் சினிமாக்காரன் வந்து நின்றால் ஜனங்களின் புத்தி எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது. கஞ்சித் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போய்க் குழிக்கரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

எல்லாம் வந்திருந்தது, பூதம் மட்டும் வரவில்லை. மெட்ராஸில் செய்யச் சொல்லியிருந்த உடுப்பை வாங்கக் கம்பெனிக்கு வக்கில்லை. மேனேஜர் ராசாங்கம் பழைய சாக்கு கேட்டு மண்டிக்கு வந்தார். கொளஞ்சி மூட்டை தைப்பதைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, மூட்டைக்குப் பதிலா ஒரு ஆளை உள்ள வச்சுத் தைக்க முடியுமா?"

"ஆளு அசையாம நின்னா தைக்கலாங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ராசாங்கம் சிரிக்கவில்லை. மறுநாளே அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பூதத்தை அவள் செய்த அழகைச் சொல்ல வேண்டும். கிழிந்த கோணிகளை வெட்டிச் சட்டையும் காற்சட்டையும் சேர்ந்தாற்போல ஒரே உடுப்பாகத் தைத்தாள். தேங்காய் நாரையும் பிரித்த சணலையும் அண்டாவில் கறுப்புச் சாயம் போட்டுக் காய்ச்சி, காயவைத்து, கொத்துக் கொத்தாக அதன்மேல் வைத்துத் தைத்தாள். தலைக்குக் கோழி மூடுகிற பஞ்சாரக் கூடை. அதன்மேல் புளியங்கொட்டைப் பசையில் ஊறிய காகிதம். பல்லுக்கும் நகத்துக்கும் சீவிய பனை மட்டை. கண்ணுக்குச் சைக்கிளின் பின்னால் இருக்கிற சிவப்புக் கண்ணாடி. உள்ளே நிற்கிறவன் வெளியே பார்ப்பதற்கு வாய்க்குள் ஒரு துண்டு கொசுவலை. செய்து முடித்துச் சுவரில் சாத்தி வைத்தபோது தெரு நாய் ஒன்று வந்து பார்த்துவிட்டு, குரைக்கக்கூடத் தோன்றாமல் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. கொளஞ்சிக்குப் பெருமை பிடிபடவில்லை.

பூதத்துக்குள் நிற்க மெட்ராஸிலிருந்து வந்த சண்டைக்காரன் ஒருநாள் நின்றான். கோணி அரிப்பும் வேக்காடும் தாங்காமல், அன்று சாயந்திரமே பஸ் ஏறிவிட்டான். அப்போதுதான் ராசாங்கத்தின் கண் மாயவன்மேல் விழுந்தது. மாயவன் கொளஞ்சியின் புருஷன். அதே மண்டியில் மூட்டை தூக்குகிறவன். நிலைப்படியில் குனியாமல் நுழைய முடியாத உயரம். சொந்த அத்தை மகன் என்பதால் இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே வா, போ பேச்சுத்தான்.

"சினிமாவுல வரப்போறேன் புள்ள!" என்று அவன் துள்ளிய துள்ளலைப் பார்க்க வேண்டுமே.

"மூஞ்சி தெரியாது மாமா. நீதான்னு எவன் நம்புவான்?"

"நீ தைச்சதுன்னு சொல்லு, நம்புவான்."

சண்டைக்காரனுக்கு அரித்த மாதிரி மாமனுக்கு அரிக்கக் கூடாதென்று, உடுப்பு முழுக்கத் தன் பழைய நூல் சேலை ஒன்றை உள்ளே கொடுத்துத் தைத்தாள். பக்கவாட்டில் திறந்து மூட வைத்திருந்த ஜிப்பு நாரில் சிக்கிப் பல்லிளித்துவிட்டது. வேறு வாங்கக் கம்பெனிக்கு மனசில்லை. "சாக்கு வாயி தைக்கிற மாதிரி தினம் நானே தைச்சுடுறேங்க" என்று கொளஞ்சிதான் சொன்னாள். கூடைத் தலையைக் கழுத்தோடு சேர்த்துச் சுற்றிலும் தைத்து, இடது விலா வழியாக இடுப்பு வரை ஒரே நூலில் உருவு தையல். இடுப்புக்குச் சற்று மேலே ஒரு சாண் நுனி தொங்கும். அதை மாயவனே சுண்டிவிட்டால் விலாவும் திறக்கும், தலையும் கழன்றுவிடும். வாயிலிருந்த கொசுவலைத் துண்டு பார்க்கத்தான் ஆகும், அவள் விட்ட காற்று வழியே அதுதான்.

அதற்கு வீட்டில் வைத்துப் பழக்கினாள். பனைமட்டை நகம் மாட்டிய வலது கையால் வயிற்றைச் சுற்றிக்கொண்டு போய் இடது விலாவின் அடியைத் தடவ வேண்டும். "இன்னும் கீழ மாமா... இடுப்புக்கு மேல, விலாவுக்குக் கீழ... ஆங், அதான். பிடிச்சு இழு." சரசரவென்று தையல் பிரிந்து கூடை கழன்று விழும், உள்ளேயிருந்து வியர்த்து வழிகிற மாயவனின் முகம் சிரிக்கும். படப்பிடிப்பிலும் அப்படித்தான். டைரக்டர் கட் என்று சொன்ன மறுகணம் அவனே நுனியை இழுத்து வெளியே வந்துவிடுவான். பூதம் உரித்துக்கொண்டு மனிதனாவதைப் பார்த்துக் கரையில் இருக்கிற கூட்டம் கைதட்டும்.

கடைசி நாள் வந்தது. பூதம் புகைக்கு நடுவே செத்து விழ வேண்டும். இரண்டாம் தடவை எடுக்கப் பிலிம் இல்லை, யாரும் குறுக்கே வந்துவிடக் கூடாது என்று காலையிலிருந்தே எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார்கள். குழிக்குள் வெள்ளைப் பாறை அடுப்புக்கல்லாய்க் காய்ந்தது. கொளஞ்சி கழுத்தைச் சுற்றித் தைத்து, விலாவில் இறங்கி, இடுப்புக்கு வந்து நுனியை விட்டபோது காமிராக்காரர் டைரக்டரைக் கூப்பிட்டு ஏதோ காட்டினார்.

"என்னய்யா அது, பூதத்துக்கு இடுப்புல சணல் தொங்குது? வெயில்ல பளிச்சுனு தெரியுது. அறுத்து எறி."

கொளஞ்சி நுனியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். "அத அறுத்தா அவரால தொறக்க முடியாதுங்க சார்."

ராசாங்கம் தன்மையாகத்தான் சொன்னார். "ஒரே ஒரு ஷாட்மா. அறுக்க வேணாம், முடிச்சுப் போட்டு உள்ள சொருகிடு. முடிஞ்ச உடனே நீயே ஓடிவந்து அவுத்து விடு. நீ இங்கதான நிக்கப்போற?"

நியாயமாகத்தான் பட்டது. நுனியை இறுக்கி முடிந்து நாருக்குள் செருகினாள். கூடையின் வாயருகே போய், "மாமா, நுனிய உள்ள சொருகிட்டேன். நீ தேடாத. நான் வந்து பிரிச்சு விடுறேன்" என்றாள். காகிதமும் நாரும் ஏறிய கூடைக்குள் எதுதான் கேட்கும்! அவள் வந்து நின்றதைக் கண்டு பூதத்தலை வழக்கம்போல ஆடியது. கேட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு நகர்ந்தாள் பாவி.

அதற்குப் பிறகுதான் அந்த வேலை நடந்தது. பூதம் பளபளவென்று இருக்க வேண்டுமென்று, குழியில் தேங்கிய தண்ணீரை வாளி வாளியாக மொண்டு அவன் தலையில் கொட்டினார்கள். அவளிடம் யார் கேட்டார்கள்? நனைந்த சணல் முடிச்சு ஊதிப்போய்க் கல்லாகிவிடும் என்பது மண்டிக்காரிக்குத் தெரியும். நனைந்த கோணி மூச்சு விடாது என்பதும் தெரியும். "ஐயோ, தண்ணி ஊத்தாதீங்க" என்று அவள் வாயெடுப்பதற்குள் கயிற்றுக்கு அந்தப்பக்கம் தள்ளிவிட்டார்கள். ஈர வைக்கோலைக் கொளுத்திவிட்டார்கள். காமிரா ஓடத் தொடங்கியது.

பூதம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு புகைக்குள் வந்தது. சொல்லிக் கொடுத்தபடி நடந்தது, உறுமுகிற மாதிரி தலையைச் சிலுப்பியது. பிறகு சொல்லிக் கொடுக்காத ஒன்றைச் செய்தது. வலது கை வயிற்றைச் சுற்றிக்கொண்டு இடது விலாவுக்குப் போனது. தடவியது. மறுபடியும் தடவியது. பிறகு அறைய ஆரம்பித்தது.

"பிரமாதம்! அப்படித்தான், அடி!" என்று டைரக்டர் கூவினார்.

கொளஞ்சி கயிற்றைத் தாண்டிவிட்டாள். ராசாங்கம் கையை விரித்து மறித்தார். இன்னும் இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். "அவருக்கு மூச்சு முட்டுதுங்க! நடிப்பு இல்லீங்க, நுனியத் தேடுறாருங்க!" அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அவள் கத்தலால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சத்தத்தையெல்லாம் மெட்ராஸில் போய்ச் சேர்த்துக்கொள்வார்கள். "குறுக்கப் போகாதம்மா, ஒரு நிமிஷம் பொறு" என்றார் ராசாங்கம். அதையும் பொறுமையாகத்தான் சொன்னார். கரையிலிருந்த கூட்டம் விசிலடித்தது. தினமும் பக்கத்தில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட, மாயவனுக்கு இப்படி நடிக்க வருமா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

பூதம் முழங்காலிட்டது. குப்புற விழுந்தது. விழுவதும் கதையில் இருந்ததுதான். அதனால் காமிரா அவனையே பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஓடியது.

கட் என்ற சத்தம் கேட்டதும் கைகள் விட்டன. ஓடினாள். கொண்டையிலிருந்த ஊசியைப் பிடுங்கி முடிச்சில் குத்தி நெம்பினாள், அசையவில்லை. பல்லால் கடித்தாள், ஈறு கிழிந்ததுதான் மிச்சம். தான் போட்ட முடிச்சு தன் கைக்கே அடங்கவில்லையே என்று அலறினாள். யாரோ கதிர் அரிவாள் கொண்டுவந்து அறுத்தார்கள். கூடையைத் தூக்கியபோது மாயவனின் கண் திறந்துதான் இருந்தது, மூச்சுத்தான் இல்லை. ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்கள். டவுன் எல்லைக்குள் நுழைவதற்கு முன்பே அவன் உடம்பு குளிர ஆரம்பித்துவிட்டது. அவ்வளவு வெயிலில், அவள் மடியில்.

வெயில் தாங்காமல் செத்தான் என்று எல்லாருமாகப் பேசி முடித்தார்கள். ராசாங்கம் மாலை கொண்டுவந்து போட்டு உண்மையாகவே அழுதார். யாரைப் பிடித்து உலுக்குவது? ஒவ்வொருவரும் ஒரு நிமிஷம்தான் கேட்டார்கள்.

மறு வருஷம் படம் ஆண்டிமடம் டூரிங் கொட்டகைக்கு வந்தது. கொளஞ்சி அப்போது மண்டிக்குத் திரும்பியிருக்கவில்லை, அங்கே தாய் வீட்டில் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். போகாதே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாயவனுக்கென்று ஒரு போட்டோ கிடையாது, கல்யாணத்தில்கூட எடுக்கவில்லை. இருப்பது இந்தப் பூதம் ஒன்றுதான். முதல் ஆட்டத்துக்குப் போய்ப் பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. புகைக்குள்ளிருந்து பூதம் வந்தது. மெட்ராஸில் யாரோ ஒருவன் குரலில் உறுமியது. அதன் கை விலாவை அறைய ஆரம்பித்ததும் கொட்டகையே எழுந்து நின்று விசிலடித்தது. "பூதம் மாரடிக்குது பாருடி!" என்று பக்கத்திலிருந்த பெண் மடியிலிருந்த பிள்ளைக்குக் காட்டினாள்.

மாரடிக்கவில்லை. இடுப்புக்கு மேல, விலாவுக்குக் கீழ. அவள் பழக்கிய இடத்தை விட்டு விரல் அப்படி இப்படி நகரவில்லை. அந்த இடத்தில் நுனி இருக்கும், கொளஞ்சி விட்டிருப்பாள் என்று கடைசிவரை நம்பித் தேடிக்கொண்டிருந்தான்.

"அங்க இல்ல மாமா" என்று வாய்விட்டுச் சொன்னாள். "தேடாத. நான் உள்ள சொருகிட்டேன்."

"என்னக்கா சொல்ற?" என்று அந்தப் பெண் திரும்பினாள்.

கொளஞ்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் ஓடிய நாளெல்லாம் முதல் ஆட்டத்துக்குப் போய், அதே இடத்தில் உட்கார்ந்து, அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.