சிவப்புப் பயற்று உருண்டைகள்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஜெர்மனியில் ஹம் என்ற ஊரில் இருந்தோம். நான் ரயிலேறி டுசல்டோர்ஃபுக்குப் போய், ஒரு ஜப்பானிய இனிப்புக் கடையின் பின்பக்கத்தில் சட்டிபானை கழுவினேன். வயிற்றில் ஆறு மாதம். முதலாளி ஒரு ஜப்பானியப் பெண். அவவுக்கும் எனக்கும் அரைகுறை ஜெர்மன்தான், ஆனாலும் கதை நிற்காது.

செப்டம்பர் கடைசியில் ஒரு கிழமை முழுக்க ஒரே இனிப்பைச் செய்தோம். ஒட்டுகிற அரிசிச் சோற்றை உருட்டி, அவித்து மசித்த சிவப்புப் பயற்றால் மூடுவது. பகலும் இரவும் சமமாகிற நாட்களில் தங்கள் ஊரில் இதை இறந்தவர்களுக்குப் படைப்பார்கள் என்று சொன்னா. அந்தச் சிவப்பு கெட்டதை அண்டவிடாதாம். முற்காலத்தில் சீனி எளிய சனத்துக்குக் கிட்டாத பொருள், பயற்றுக்கு உப்புத்தான் போட்டார்களாம். இந்த இனிப்புக்கு வசந்தத்தில் ஒரு பூவின் பெயர், இலையுதிர்காலத்தில் வேறொரு பூவின் பெயர். பண்டம் ஒன்றுதான். சனிக்கிழமை மிஞ்சியதைப் பெட்டியில் போட்டுத் தந்தா.

வீட்டில் அம்மாவும் என் கணவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பெட்டியைத் திறந்தா.

"இதென்ன, மோதகத்துக்கு உள்ளுக்கு இருக்கிறதை வெளியாலை திருப்பி வைச்சமாதிரிக் கிடக்கு?"

எனக்குச் சிரிப்பு. கேட்டதையெல்லாம் ஒப்புவித்தேன்: உப்பு, பூ, செத்தவர்கள். அம்மா எழும்பி, ஓர் உருண்டையைச் சின்னத் தட்டில் வைத்து, டிவிக்கு மேலே இருந்த தம்பியின் படத்துக்கு முன்னால் வைத்தா. தம்பி யாழ்ப்பாணத்தில் இருந்தான்.

"அம்மா, அது செத்த ஆக்களுக்கு வைக்கிறதெல்லோ. எடுங்கோ."

"ஓம்," என்றா அம்மா. எடுக்கவில்லை.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி நிண்ட இடத்திலை ஆமி அடிச்ச செல் விழுந்தது," என்றார். "ஒரு மாசத்துக்கு மேலையாச்சு. கொழும்பிலையிருந்து ஃபோன் வந்தது. உமக்கு வயித்திலை பிள்ளை. மாமிதான் சொல்லவேண்டாம் எண்டவ."

அவ்வளவு நாளும் அம்மா எனக்கு முன்னால் அழவில்லை. நான் தம்பிக்கு எழுதிய கடிதத்தைக்கூட, "தா, நான் போடுறன்" என்று வாங்கிக்கொண்டு போனா.

"ஆரம்மா அடக்கம் செய்தது?"

"தெரியாது பிள்ளை. அடக்கம் செய்ய ஏதும் மிஞ்சினதோ எண்டும் தெரியாது."

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டா. சொன்னேன். மாவுக் கையைத் துடைத்து, எனக்கு முன்னால் தலைகுனிந்து வெகுநேரம் நின்றா. பிறகு இருவரும் வேலையைத் தொடங்கினோம்.

மார்கழியில் ஆண் பிள்ளை பிறந்தது. தம்பியின் பெயரையே வைப்போம் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்னேன். அம்மா பிள்ளையோடு ஜன்னல் பக்கம் திரும்பினா.

"வேண்டாம். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு ஏலாது."

வேறு பெயர் வைத்தோம்.