சகலையின் கால் புண்

நானும் என் சகலையும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். அது போதாதென்று சர்க்கரையும் சேர்ந்தே வந்தது, உள்ளங்காலில் ஆறாத புண்ணும் சேர்ந்தே வந்தது. எனக்குப் பெருவிரலுக்கு அடியில். "இது ஆறலேன்னா விரலை எடுக்க வேண்டி வரும்" என்று புதுக்கோட்டை டாக்டர் சொல்லிவிட்டார்.

வைத்தியமும் அவரே சொன்னார். நம் ரத்தத்தையே எடுத்து மெஷினில் சுற்றினால் சிவப்பு அடியில் இறங்கிவிடுமாம். பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள் நிறைந்த மஞ்சள் நீர் மேலே நிற்கும். அதைக் களிபோல உறையவைத்துப் புண்ணில் வைத்துக் கட்டுவார்கள்.

"தட்டணுக்குள்ள வளர்ச்சிக் காரணின்னு இருக்கு. புதுச் சதையை வாங்க வாங்கன்னு கூப்பிடுறது அதுதான்" என்றார்.

"எங்க வீட்டுக் காதுகுத்துக்குக் கூப்பிட்டதுலயே பாதிப் பேர் வரல டாக்டர்" என்றேன். நர்சம்மா சிரித்துவிட்டார்.

எனக்கும் சகலைக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுத்தார்கள். மெஷினில் எடை சமமாக இருக்க வேண்டுமென்று என் குழாய்க்கு நேர் எதிரே அவர் குழாய். வெளியே எடுத்தபோது இரண்டும் ஒரே மஞ்சள்தான். ஆனால் அவர் புண் நாளுக்கு நாள் சுருங்கியது. என்னுடையது அப்படியே கிடந்தது.

"அத்தானுக்கு ஓரமெல்லாம் கூடி வந்துருச்சாம்ல, அக்கா சொன்னுச்சு" என்றாள் என் மனைவி, சோறு போட்டுக்கொண்டே. பாதிச் சோற்றிலேயே எழுந்துவிட்டேன்.

கண்ணால் பார்த்தால்தான் ஆச்சு. கறம்பக்குடிச் சந்தையைத் தாண்டி சகலை வீடு. ஒருநாள் விட்டு ஒருநாள் நடந்தே போவேன். தலையணைமேல் காலை நீட்டிப் புதுமாப்பிள்ளைபோலப் படுத்திருப்பார்.

"வாங்க சகலை! கட்டுப் பிரிக்கிற நேரத்துக்குச் சரியா வந்துர்றீங்களே, மோப்பம் புடிப்பீங்களோ?"

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் நர்சம்மாவிடம் கேட்டே விட்டேன். "ஏம்மா, குழாய் மாறிப்போயிருக்குமோ? என் நல்ல ரத்தம் அவருக்குப் போயிருச்சோ?"

நர்சம்மா குழாயில் ஒட்டியிருந்த பெயரை எடுத்துக் காட்டினார். பக்கத்திலிருந்த சகலை விடுவாரா? "அப்ப என் கால்ல இருக்கறது உங்க ரத்தமா? அதான் அடுத்தவன் வீட்டை எட்டிப்பாக்கணும்னு காலு இழுக்குது!"

டாக்டர் என் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். "காலைக் கீழ வைக்காதீங்கன்னேனே, எங்க நடந்தீங்க? கூப்பிட்டு வர்ற சதையை நீங்களே மிதிச்சு நசுக்குறீங்க. அவரைப் பாருங்க, சொன்னபடி படுத்துக் கெடந்தாரு."

எங்கே நடந்தேன் என்று சகலைக்குத் தெரியும். அவர் ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

விரல் வேண்டுமே. மறுபடி ரத்தம் எடுத்துக் கட்டிவிட்டிருக்கிறார்கள். கட்டிலைவிட்டு இறங்காமல் கிடக்கிறேன். சகலையோ செருப்பு மாட்டிக்கொண்டு, மீன் வாங்க மணமேல்குடிக்குப் பஸ் ஏறிவிட்டாராம். போன் போட்டேன்.

"அண்ணே, காலு எப்படி இருக்கு? ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

பஸ்ஸிலேயே எடுத்து அனுப்பினார். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். புண் இருந்த இடமே தெரியவில்லை. "நல்லாருக்கு" என்று பதில் போட எனக்கு வெகுநேரம் பிடித்தது.