சத்தம் போடாத தோட்டா கேட்டவர்

துப்பாக்கிக் கடையில் வேலை என்றால் எல்லோரும் ஏற இறங்கப் பார்ப்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். சீர்வரிசை பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

திருச்சி கன்டோன்மென்ட்டில் அந்தக் கடையின் விற்பனைப் பிரிவில் இருந்துதான் ஓய்வு பெற்றேன். பன்றித் தொல்லை தாங்காமல் வரும் துறையூர் விவசாயிகள், மலைக்கோட்டை நகை வியாபாரிகள், ரைஃபிள் கிளப் பிள்ளைகள் எல்லோரையும் பார்த்தாயிற்று. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் தைரியசாலிகள் என்று நினைத்துவிடாதீர்கள்.

1. கடையில்

சேஷாத்ரி சார் ஸ்ரீரங்கத்துக்காரர். மலைக்கோட்டைக் கடைகளுக்கு நகை மதிப்பீட்டாளர். நகைப்பையோடு காவிரிப் பாலம் தாண்டிப் போய்வருகிறவர் என்பதால் லைசென்ஸ் கிடைத்திருந்தது. கைக்கு அடக்கமான .32 பிஸ்டல் ஒன்றை எங்களிடம் வாங்கினார். அடுத்து தோட்டா எடுக்க வேண்டும்.

"ரோஸ்லின் மேடம், எனக்கு சப்சானிக்தான் வேணும். யூடியூப்ல பாத்தேன். சத்தமே வராதாம்."

"திருடனைச் சுட்டா சத்தம் வரட்டுமே சார். அக்கம்பக்கத்துல ஓடி வருவாங்க."

குரலைத் தாழ்த்தினார். "ஆத்துக்காரிக்கு வெடிச்சத்தமே ஆகாது. தீபாவளின்னா காதுல பஞ்சு வெச்சுண்டு ஸ்டோர் ரூம்ல உக்காந்துடுவா. பக்கத்தாத்துல திருடு போனதுலேர்ந்து, கே.கே. நகர்ல பொண்ணாத்தோட போயிடலாம்னு ஒரே பிடிவாதம். பிஸ்டல் இருக்கேன்னேன். 'சத்தம் போடாதுன்னா இருக்கட்டும். போடும்னா நாளைக்கே சாமானைக் கட்டுங்கோ'ன்னுட்டா. நான் பொறந்த வீடு மேடம் அது. ஃப்ளாட்ல அஞ்சாவது மாடில போய் நான் என்ன பண்ணுவேன்?"

மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் இல்லாத சரக்கை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? பொறுமையாக விளக்கினேன். சுடும்போது இரண்டு சத்தம் உண்டு. மருந்து எரிந்து பேரல் வாய் வழியாகப் பாயும்போது வருவது ஒன்று. தோட்டா ஒலியைவிட வேகமாகப் போனால், சாட்டை சொடுக்குகிற மாதிரி காற்றில் கேட்பது இன்னொன்று. சப்சானிக் தோட்டா ஒலியைவிட மெதுவாகப் போவதால் அந்த இரண்டாவது சத்தம் இருக்காது. அவ்வளவுதான். முதல் சத்தம் எங்கேயும் போகாது, வீட்டுக் கூடத்தில் சுட்டால் காது அடைத்துவிடும்.

அவர் முகம் வாடிவிட்டது. அந்த நேரம் பார்த்து எங்கள் முதலாளி உள்ளேயிருந்து வந்தார்.

"சார், நம்ம கடையில இருக்கிற .32 எல்லாமே சப்சானிக்தாங்க. கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க!"

அவர் சொன்னதில் பொய்யே இல்லை, எங்களிடம் இருந்த .32 தோட்டா எதுவும் ஒலியைவிட வேகமாகப் போகாது. எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான். உண்மையையே சொல்லி ஆளைக் கவிழ்ப்பது முதலாளிக்குக் கைவந்த கலை.

சேஷாத்ரி சார் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒரு தோட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல பித்தளை" என்று மதிப்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

2. ரேஞ்சில்

ஆயுத பூஜை முடிந்து சார் போன் செய்தார். அவர் மனைவி வைதேகி மாமிக்கு நம்பிக்கை வரவில்லையாம், நேரில் சுட்டுக் காட்ட வேண்டுமாம். முதலாளி தன் வாக்கைக் காப்பாற்ற எங்களோடு ரைஃபிள் கிளப்பில் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு வந்து, வாசல் பக்கமாகவே நின்றுகொண்டார்.

மாமி காதில் பஞ்சு, அதன்மேல் கிளப்பில் கொடுத்த காது மூடி, அதற்கும் மேல் ஒரு சால்வை. கோச் ஒரு பழைய ராணுவத்துக்காரர். வீட்டிலேயே தோட்டா நிரப்பி எடுத்து வந்த மேகசினைச் சார் பிஸ்டலில் போட்டார். குறி பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு டிரிகரை இழுத்தார்.

டிக்.

வேறு சத்தமே இல்லை.

"பாத்தியா வைதேகி!" என்று பிஸ்டலும் கையுமாகத் திரும்பினார்.

"திரும்பாதீங்க சார்! பேரல் டார்கெட்டைப் பாத்தே இருக்கணும்!" என்று கோச் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். நான் தரையில் கிடந்தேன். முதலாளியை அந்த இடத்திலேயே காணோம்.

மாமி சால்வையை விலக்கிப் பார்த்தார். "டார்கெட்ல ஓட்டையே இல்லையே?"

"இது மெதுவாத்தானே போகும். இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது."

தாமதமாக வெடித்துவிடுமோ என்று கோச் கொஞ்ச நேரம் காத்திருந்து தோட்டாவை வெளியே எடுத்தார். அதன் அடிப்பக்கத்தில் கெட்டியாகச் சந்தனம், நடுவே குங்குமம். மற்ற தோட்டாக்களும் அதே அலங்காரத்தில் இருந்தன.

"பூஜைக்கு வெச்சேன்" என்றார் சார். "பொட்டு வெக்கறதுக்குன்னே நடுவுல வட்டமா இடம் விட்டிருந்தான்."

அந்த வட்டம்தான் பிரைமர், அடி பட்டதும் மருந்தைப் பற்றவைப்பது. டிரிகரை இழுத்ததும் பிஸ்டலுக்குள்ளிருந்து ஓர் ஊசி வந்து அடிக்க வேண்டிய இடம். அடியைச் சந்தனம் வாங்கிக்கொண்டது. அந்த ஊசி வருகிற துளையிலும் ஒரு பொட்டு இருந்தது.

கோச் பிஸ்டலைத் துடைத்து, புதுத் தோட்டா போட்டுக் கொடுத்தார். இந்த முறை வெடித்தது. மாமி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "ரங்கா!" என்று சார் போட்ட சத்தம் வெடியைவிடப் பெரிது.

பிஸ்டலை மேஜைமேல் வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். "சரி வைதேகி. சாமானைக் கட்டிடலாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமி, அது பொறந்த வீடுன்னு சொல்லி சார் எங்க கடையில கண் கலங்கிட்டாருங்க. போக அவருக்கு மனசே இல்ல."

மாமி காது மூடியைக் கழற்றிப் பஞ்சையும் எடுத்தார். "என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன்.

"ஏன்னா, இதை நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லையே! துப்பாக்கி இருக்கு, துப்பாக்கி இருக்குன்னுதானே சொன்னேள்?"

"நீ பயந்துண்டிருந்தே. அப்ப போய் இதை எப்படிச் சொல்றது?"

"இப்பதான் எனக்கு நிஜமான பயம். நீங்க இதோட திரும்பினேளே, அதைப் பாத்தப்பறம் திருடன் தேவலைன்னு தோணறது." என் பக்கம் திரும்பினார். "இதை உங்க கடையிலேயே வெச்சுக்க முடியுமா?"

லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தங்கள் துப்பாக்கியைக் கடையில் பாதுகாப்பில் வைக்கலாம். அதைச் சொன்னேன்.

"வெச்சுக்கோ. ஆத்து வாசலுக்கு ஒரு இரும்பு கேட் போட்டுக்கறோம். நாங்க எங்கயும் போகலை."

சார் அழுதேவிட்டார். மாமி அந்தச் சால்வையாலேயே அவர் முகத்தைத் துடைத்தார். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதற்குப் பிறகு கைக்கு அடக்கமான பிஸ்டல் கேட்டு யார் வந்தாலும், வேகம், சத்தம் எல்லாவற்றுக்கும் முன்னால் "வீட்டுல பேசிட்டீங்களா?" என்றுதான் கேட்பேன். பேசிவிட்டு வருகிறேன் என்று போனவர்களில் பலர் வரவே இல்லை. முதலாளி கடைசிவரை என்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார்.