வெள்ளி இப்போ காலைல வருது

கன்னியம்மா அக்கா போய்விட்டாள். இன்று காலையில்... ஒரு வாரக் காய்ச்சல், அவ்வளவுதான்.

சேதி கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ராயபுரம் கோடவுனில் எங்களோடு உட்கார்ந்து வேர்க்கடலை பொறுக்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

அவளை மறந்திருக்க மாட்டீர்கள். மேஸ்திரியையே "இன்னாய்யா மொறைக்கிற?" என்று கேட்ட ஒரே ஆள்.

சாயங்காலம் சங்கு ஊதியதும் நாமெல்லாம் அடுப்பு நினைப்பில் ஓடுவோம். அக்கா மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டில் நிற்பாள். ரயில்வே யார்டுக்கு மேலே வெள்ளி நட்சத்திரம் தெரிகிற வரை நகர மாட்டாள்.

அவள் வீட்டுக்காரர் ரங்கூன் ஸ்டீமர் ஏறும்போது பேசி வைத்துக்கொண்டது அது. இரண்டு பேருக்கும் எழுதப் படிக்க வராது. சாயங்காலமானால் அவர் அங்கே அதைப் பார்க்க வேண்டும், இவள் இங்கே பார்க்க வேண்டும்...

"இன்னா வெளிச்சம் பாருடி!" என்பாள். அன்றுதான் முதல் தடவை பார்க்கிறவள் மாதிரி, தினமும்.

சில மாதம் போனது. வெள்ளி கீழே இறங்கிக்கொண்டே வந்து, ஒரு சாயங்காலம் இல்லாமலே போய்விட்டது.

அக்கா கோடவுன் நடுவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "அவுருக்கு இன்னமோ ஆய்ட்ச்சிடி!" ரங்கூனிலிருந்து சாவுச் சேதிதான் வந்துவிட்டது என்று நாங்களும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தோம். காணாமல் போனது வெள்ளிதான் என்று தெரிந்ததும் மேஸ்திரி எல்லாரையும் கிழித்துவிட்டான்.

கட்டுமரத்தில் போகிற என் வீட்டுக்காரர்தான் சொன்னார். "அது எங்கயும் பூடல. விடிவெள்ளி கீதே, அதான் இது. இன்னும் கொஞ்ச நாள்ல காலைல வரும் பாரு." இரண்டும் ஒன்றென்று அவளுக்கு மட்டுமா, எனக்கும் அன்றுதான் தெரியும்.

சொன்ன மாதிரியே வந்தது. விடியுமுன் என்னையும் இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். கடலுக்கு மேலே அப்படி ஒரு ஜொலிப்பு...

"ரங்கூன் பக்கத்துலேர்ந்து வருதுடி! அவுரப் பாத்துட்டுத்தான் இங்க வருது!" சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று என் கையைப் பிடித்தாள். "அவுரு சாயங்காலத்துல தேடிகினு இருப்பாரேடி. அவுருக்கு யாரு சொல்லுவா?"

அதற்குப் பிறகு ரங்கூன் ஸ்டீமர் கிளம்பும் நாளெல்லாம் அக்கா ஹார்பரில்தான். ஏறப்போகிற ஆட்களைப் பிடித்து நிறுத்துவாள். புருஷன் பேரைச் சொல்லக்கூடாதே... அதைச் சொல்ல நான்!

நான் "கோவிந்தன்" என்பேன். அவள், "அவுராண்ட சொல்லுப்பா, வெள்ளி இப்போ காலைல வருதுன்னு" என்பாள். சிரிப்பார்கள், தலையாட்டிவிட்டு ஏறுவார்கள். மறுபடி வெள்ளி சாயங்காலத்துக்கு மாறினால் சேதியையும் மாற்றிச் சொல்லுவாள்.

இப்படியே வருஷங்கள்.

கடைசியில் ரங்கூனிலிருந்து திரும்பிய ஒருவர் வீடு தேடி வந்தார். கோவிந்தன் அங்கே போய்ச் சேர்ந்த கொஞ்ச மாதத்திலேயே ஜுரத்தில் இறந்துவிட்டாராம். வந்தவர் அங்கே அவரோடு கூடத் தங்கியிருந்தவர்.

அக்கா ஒன்றுதான் கேட்டாள். "அவுரு உசுரு போவும்போது வெள்ளி சாயங்காலத்துலதானே இருந்துச்சி?"

"ஆமாம்மா. ஜுரத்துலயும் வெளிய தூக்கினு போய் ஒக்கார வெக்கச் சொல்லுவான். மேற்கால பாத்துகினே இருப்பான்."

"அப்போ அது காணாம போனது அவுருக்குத் தெரியாது." என்று என் பக்கம் திரும்பினாள். "நல்லதாப் போச்சி. நான் பட்ட பேஜாரு அவுரு படல."

அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தாங்கவில்லை.

வெள்ளியைப் பார்ப்பதை மட்டும் அவள் விடவேயில்லை. இன்னும் யாருக்காக அக்கா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "நல்லா கீதேடி... அவுரு இல்லன்னா அது அயகா இல்லாம பூடுமா?" என்றாள்.

இப்போது வெள்ளி எந்தப் பக்கமும் தெரியாத நாட்கள். நேற்று விடியற்காலையில் அவள் பக்கத்தில் இருந்தேன். காய்ச்சலோடு, "காலைல வர ஆரம்பிச்சிட்ச்சா? போய்ப் பாருடி" என்று வெளியே அனுப்பினாள்.

பார்த்துவிட்டு வந்து, "இன்னும் வரலக்கா" என்றேன்.

"செரி, நாளைக்குப் பாக்கலாம்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

போய் வா, அக்கா...