நெல் அவிப்பவர் பெயர்

இறக்காமத்து நெல்லை வீட்டில் அவித்துக் கல்முனையில் அரிசியாக விற்பதுதான் எங்கள் பிழைப்பு. நெல் அவிக்கும் பழைய பொயிலரின் அடித்தகடு ஓட்டையானபோது, புதியதற்கு அரசு பாதி விலை மானியமாகத் தருவதாக அறிந்து விண்ணப்பித்தேன். ‘நெல் அவிப்பவர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். பதினெட்டு வருடமாக அவிப்பவள் என் மனைவி. வீடும் அவளுடைய சீதனம். அது எதுவும் அப்போது உறுத்தவில்லை.

பார்வையிட வந்த பெண் உத்தியோகத்தர் என்னை அண்ணன் முறையில் அழைத்துக் கேட்டார்: “அவிஞ்சிட்டு எண்டு எப்படித் தெரியும் காக்கா?”

நான் உள்ளறைத் திரைப்பக்கம் திரும்பினேன்.

திரைக்குப் பின்னாலிருந்து மனைவி சொன்னாள்: “நெல்லு வாய் பிளக்கும் மிஸ். இவர் தின்னத்தான் வாய் பிளப்பார்.”

உத்தியோகத்தர் சிரிக்கவில்லை. “அவிக்கிற ஆளுக்குத்தான் மானியம். இந்த போம் சரிவராது” என்று என் படிவத்தைத் திருப்பித் தந்து, புதியதொன்றை எடுத்து, மனைவியை வெளியே அழைத்துக் கேட்டு நிரப்பினார்.

“உதவிக்கு ஆரு?”

மனைவி என்னைப் பார்த்தாள். “ஒருத்தருமில்ல.”

அவள் குரலில் கோபம் இல்லை. எனக்கும் அந்த நேரம் வெட்கமோ வருத்தமோ வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மானியம் கிடைத்தது. இப்போது புதிய பொயிலருக்கு விடியலில் நான்தான் அடுப்பு மூட்டுகிறேன். அலுமாரியில் இருக்கும் படிவத்தின் பிரதியில், உதவியாளர் என்ற இடத்தில் ‘இல்லை’ என்றுதான் இருக்கிறது.