வாசனை ஊற்றாத துண்டுகள்

அந்த வருஷம் வரைக்கும் என் அண்ணி துவைத்த துணியை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. இதை அவராகச் சொல்ல மாட்டார். அடுத்தவர் சொன்னால் மறுக்கவும் மாட்டார்.

கடற்கரை ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்துக்கு அவர் இருபத்துநாலு வருஷமாகப் பொறுப்பு. தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. துவைக்கிற இயந்திரம் நாலு, உலர்த்துகிறது மூன்று, நடுவில் நீளமாக ஒரு மடிக்கும் மேஜை. மேஜையின் ஒரு முனையில் அண்ணி, மறு முனையில் நான். ஏழாம் வகுப்போடு நின்றுபோய் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை, அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த மறுவருஷமே கையைப் பிடித்து அங்கே இழுத்துப் போனவர் அவர். நான் அதிகம் பேசமாட்டேன் என்பதால் அண்ணன் எனக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். அண்ணி அதைச் சுருக்கிக் 'கோட்டான்' ஆக்கிவிட்டார். திட்டுவதற்கும் அதுதான், சாப்பிடக் கூப்பிடுவதற்கும் அதுதான்.

அவரிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. துணி காய்ந்ததா என்று புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கை சூட்டுக்குப் பழகிப் பொய் சொல்லும், புறங்கை சொல்லாது என்பார். இன்னொன்று, கடைசி அலசலில் ஊற்றும் சாஃப்ட்னர். துணியை மெத்தென்று ஆக்குகிற, வாசம் வீசுகிற திரவம் அது. எங்கள் கூடத்தில் அதற்கு 'வாசனை' என்று பெயர். மற்ற எல்லா வேலையையும் எங்களிடம் விடுவார், வாசனையை மட்டும் அவர் கையால்தான் ஊற்றுவார்.

அந்த வருஷம் ஒரு கப்பல் பாறையில் தட்டி எண்ணெய் கடலில் கொட்டியது. மூன்றாம் நாள் கடற்கரை தார் ஊற்றிய தெரு மாதிரி கிடந்தது. ஓட்டல் காலியாயிற்று. துவைக்கத் துணி இல்லாமல் இயந்திரங்கள் நின்றன. சும்மா இருக்க முடியாமல் அண்ணி பின்பக்கப் பாறைகளில் நடந்துகொண்டிருந்தபோது, கறுப்பு உருண்டை ஒன்று அசைவதைப் பார்த்தார். கடற்காகம். வெள்ளைப் பறவைதான், ஆனால் பறவை என்பதையே கண் ஒன்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மேலங்கியைக் கழற்றிச் சுற்றித் தூக்கியதும் கட்டைவிரல் அடியில் ஆழமாகக் கடித்தது. ரத்தம் சொட்டச் சொட்ட, துணிக்கூடையில் வைத்து, பழைய பேருந்துப் பணிமனையில் ஆரம்பித்திருந்த மீட்பு முகாமுக்குக் கொண்டுபோனார். அங்கே அதன் காலில் முப்பத்தொன்று என்று எண் கட்டினார்கள். அண்ணி வைத்த பெயர் கடியன்.

மறுநாளே முகாமில் சேர்ந்துவிட்டார். ஓட்டல் மேலாளரிடம் கேட்டு இயந்திரங்களுக்கும் அனுமதி வாங்கினார். முகாமின் துணி முழுக்க எங்கள் பொறுப்பு. அண்ணன் சும்மா இருப்பாரா? "என் சட்டைக் காலரத் தேய்க்கச் சொன்னா கை வலிக்குதும்பா. கடற்காக்காவுக்கு மட்டும் ஓட்டல் துண்டு" என்றார். "நீங்களும் ஒரு தடவ எண்ணெய்ல விழுந்து வாங்க, பாக்கலாம்" என்றார் அண்ணி.

முகாமில் சத்தமாகப் பேசக் கூடாது. பறவைக்கு நாம் வேட்டையாடும் மிருகம் மாதிரியாம், நம் குரலே அதன் நெஞ்சை நிறுத்திவிடுமாம். கூண்டுகளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். திட்டுவதாக இருந்தாலும் கிசுகிசுத்துத்தான் திட்ட வேண்டும். வந்த பறவையை உடனே கழுவ மாட்டார்கள். இரண்டு மூன்று நாள் கதகதப்பில் வைத்து, குழாய் வழியாக ஆகாரம் கொடுத்துத் தெம்பு ஏற்றுவார்கள். பிறகு வெந்நீரில் சோப்புக் கரைத்து எண்ணெயை எடுப்பார்கள். அதன்பின் அலசல். அதுதான் முக்கியம் என்று முகாமை நடத்திய பறவை டாக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். துளி சோப்பு தங்கினாலும் இறகுக்குள் தண்ணீர் புகுந்துவிடும், பறவை குளிரில் விறைத்துச் செத்துவிடும். அலசும் வேலையை ஒரு தையல்காரர் ஏற்றிருந்தார். முதுகில் விழும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும் வரைக்கும் குழாயைக் கீழே வைக்க மாட்டார். அலசிய பறவையைத் துண்டில் சுற்றி, துண்டு விரித்த கூண்டில் காயவிடுவார்கள்.

முதல் இருபத்துமூன்று பறவைகளைக் கழுவிய நாள் காலை, எங்கள் வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனது. காரணம் அண்ணிதான். முதல் சுற்றில் எடுத்த துண்டுகளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, சொரசொரவென்று இருக்கிறது, அதுகள் உடம்பே புண்ணாகக் கிடக்கிறது என்று எல்லாவற்றையும் மறுபடி போட்டார். இந்த முறை வாசனை இரண்டு மூடி. துண்டுகள் பூனைக்குட்டி மாதிரி ஆகி வந்தன. முகாமில் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அண்ணி முந்தானையைச் சரி செய்துகொண்டார்.

மூன்று நாள் கழித்து, காலை எட்டு மணிக்கு அவற்றைத் தொட்டியில் மிதக்க விட்டுச் சோதித்தார்கள். முதலில் கழுவிய ஆறு பறவைகள் தக்கை மாதிரி மிதந்தன. மீதிப் பதினேழும் கொஞ்ச நேரத்தில் நனைந்து அமிழ ஆரம்பித்தன. கடியன் அதில் ஒன்று. கழுத்து வரை தண்ணீர் ஏறியும் அது கத்தவில்லை. அண்ணிதான் முதலில் தொட்டிக்குள் கையை விட்டு அதைத் தூக்கினார்.

டாக்டர் சோர்ந்துபோயிருந்தார். பத்து நாளாகச் சரியான தூக்கம் இல்லாத பெண். பதினேழையும் இன்று இரண்டு மணிக்கு மறுபடி கழுவியாக வேண்டும், அதற்கு மேல் இவற்றின் உடம்பு தாங்காது, இந்த முறையும் சரியாகாவிட்டால் ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவிடுவதைத் தவிர வழியில்லை என்றார். ஏன் இப்படி ஆயிற்று என்றும் அவரே முடிவு கட்டினார். முதல் ஆறை அலசும்போது தையல்காரருக்குக் கையில் வலு இருந்தது, போகப் போகத் தளர்ந்துவிட்டது, சோப்பு தங்கிவிட்டது. இன்றைக்கு அவர் ஓய்வெடுக்கட்டும்.

தையல்காரர் குழாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார். அண்ணியால் பேசாமல் இருக்க முடியவில்லை. கடியன் அவர் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"முடியலன்னா முடியலன்னு சொல்ல வேண்டியதுதான?" என்று அடிக்குரலில் கேட்டார். "ஒரு துணிய அலசிப் பிழியத் தெரியாதவர யாரு இந்த வேலைக்குக் கூப்பிட்டது? பதினேழு உசுருங்க."

தையல்காரர் தன் விரல்களைப் பார்த்தார். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறி ஊறி அவை வெளுத்துச் சுருங்கியிருந்தன. பிறகு வெளியே போய்விட்டார்.

நாங்கள் சலவைக்கூடத்துக்குத் திரும்பினோம். இரண்டு மணிக்கு எடுக்கப்போகும் நாற்பது துண்டுகள், முந்தின நாள் நாங்கள் துவைத்து முகாமில் அடுக்கி வைத்தவை. அடுத்த சுற்றை அண்ணி இயந்திரத்தில் திணித்துக்கொண்டிருந்தார். முகாமிலிருந்து வந்த சாக்குகளை நான் உதறினேன். சாக்கு எதற்கு என்று யோசித்தபோதுதான் எனக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று ஒன்றேகால் மணி வரை துணியை மடித்துக்கொண்டே இருந்தேன். மூன்று தடவை வாயைத் திறந்தேன். அண்ணி வாசனைக் குடுவையைக் கையில் எடுத்தபோது வந்துவிட்டது.

"அண்ணி, மிதந்த ஆறும் சாக்குல படுத்ததுங்க."

"எந்தச் சாக்கு?"

"அன்னைக்கு நம்ம வண்டி போறதுக்கு முன்னாடி ஆறு பறவைய அலசிட்டாங்க. துண்டு இல்ல. சாக்குல சுத்தி, சாக்குலயே படுக்க வச்சாங்க. அப்பறம் கழுவினதெல்லாம் நம்ம துண்டுல."

அவர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த குடுவையைப் பார்த்தார். மூடியைத் திருகி மூடினார். நான் உதறிய சாக்கில் சிறிய வெள்ளை இறகுகள் ஒட்டியிருந்தன. இரண்டை எடுத்தார். ஒன்றை மேஜையில் வைத்தார். மற்றதை எங்கள் துண்டு ஒன்றை ஈரமாக்கி அதற்குள் வைத்துப் பொத்திப் பொத்தி எடுத்து, உலர்த்தியின் சூட்டில் காட்டினார். பிறகு விரல் நுனியால் இரண்டின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார்.

மேஜையில் இருந்த இறகில் சொட்டு உருண்டு கீழே விழுந்தது. துண்டில் வைத்த இறகில் அது அப்படியே உள்ளே போய்விட்டது.

"இன்னொண்ணு எடு" என்றார். எடுத்தேன். அதுவும் அப்படித்தான். மூன்றாவதையும் செய்தார். நாலாவதற்கு நான் கையை நீட்டியபோது வேண்டாம் என்று தலையசைத்தார்.

இயந்திரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். என்னிடமா சுவரிடமா என்று தெரியாமல் சொன்னார்: "இனிமே ஊத்தாம விட்டா போச்சு. முகாம்ல இருக்கற துண்ட சத்தமில்லாம வாங்கிட்டு வந்து வெறும் தண்ணில ஓட்டிக் குடுத்துடலாம். யாருக்கு என்ன தெரியப்போவுது?"

அப்படியே ஆகட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். அந்த ஊரில் எங்களுக்கு இருந்த ஒரே பெருமை இந்தக் கூடம். கையிலிருந்த சாக்கை மடித்தேன். அண்ணி தலையைத் தூக்கினார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று நாற்பத்தைந்து.

"வண்டி எங்க?"

ஓட்டுநர் சாப்பிடப் போயிருந்தார். அண்ணி செருப்பை மாட்டினார். முகாமுக்கு இருபது நிமிஷ நடை. அவருக்கு முழங்கால் வலி. அன்றைக்கு நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

நாங்கள் நுழைந்தபோது முதல் பறவை சோப்புத் தொட்டிக்குள் இறங்கிவிட்டது. அண்ணி நேராக அலமாரிக்குப் போய் நாற்பது துண்டுகளையும் மார்போடு அள்ளிக்கொண்டார். சத்தமில்லாமல் வெளியே போயிருக்கலாம். கதவு இரண்டடிதான். அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க?" என்றார் டாக்டர்.

அண்ணியுடையது இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். இப்போது கிசுகிசுப்பாகத்தான் வந்தது. டாக்டர் கிட்டே வந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

"சோப்பு இல்லம்மா. என் துண்டுதான். சாஃப்ட்னர் ஊத்தியிருக்கேன். இறகுல வச்சுப் பாத்துட்டு வரேன்."

டாக்டர் ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார். விரலால் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். "எவ்வளவு ஊத்துனீங்க?"

"ரெண்டு மூடி."

"துணியில அது சேரவே கூடாதுன்னு யாரும் சொல்லலையா?"

"நான் கேக்கல."

"நானும் சொல்லல" என்றார் டாக்டர். பிறகு தொட்டிப் பக்கம் திரும்பி, இனி எந்தப் பறவையும் அந்தத் துண்டில் படக் கூடாது, இருக்கிற சாக்கெல்லாம் கொண்டு வாருங்கள் என்று கையைக் காட்டினார்.

தையல்காரர் பின்வாசலில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து, கிழிந்த கூண்டு வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணி அவர் எதிரில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவர் ஊசியை நிறுத்தாமல் கேட்டார்.

"அப்ப என் கை நல்லாத்தான் அலசியிருக்கு" என்றார்.

"நல்லாத்தான் அலசியிருக்கு. காலைல நான் பேசினது..."

"தண்ணி ஆறிடும், வாங்க" என்று எழுந்தார்.

பதினாறு பறவைகள் மறுபடி சோப்புத் தொட்டிக்குப் போயின. கடியனின் எடை பார்த்த டாக்டர், இது சோப்பைத் தாங்காது, வெறும் வெந்நீரில் அலசத்தான் முடியும், அதில் சாஃப்ட்னர் போகுமா என்று தனக்குத் தெரியாது என்றார். தையல்காரர் குழாயைப் பிடித்தார். அண்ணி பறவையைப் பிடித்தார். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். தண்ணீர் இறகில் ஊறிக்கொண்டேதான் இருந்தது. அதன் தலை தொங்க ஆரம்பித்தது. நிறுத்திவிடலாமா என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டார். தையல்காரர் அண்ணியைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம்" என்றார் அண்ணி. முப்பத்தைந்தாவது நிமிஷம், கழுத்துக்குக் கீழே ஒரு சொட்டு முத்தாக நின்றது. பிறகு உருண்டது. அதே நேரம் கடியன் தலையைத் தூக்கி அண்ணியை அதே இடத்தில் கடித்தது. அவர் கையை இழுக்கவில்லை.

சாக்கு விரித்த கூண்டில் அதை வைத்தோம். மறுநாள் விடிவதற்குள் பதினேழில் மூன்று செத்துவிட்டன. எந்த மூன்று என்று சொல்வதற்கு முன்பே அண்ணி கூண்டுக்குக் கூண்டு போய்த் துணியை விலக்கிப் பார்த்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துத் தொட்டி. பதினாலையும் ஒவ்வொன்றாக விட்டார்கள். கடியனைக் கடைசியாக. ஒரு மணி நேரம் மிதக்க வேண்டும். அண்ணி உட்காரவில்லை. தொட்டியைப் பார்க்கவும் இல்லை, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் ஆனதும் டாக்டர் அதைத் தூக்கி, நெஞ்சு இறகை விலக்கி, விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு பறவையை அண்ணி பக்கம் நீட்டினார்.

அண்ணி கையைத் திருப்பி, புறங்கையை உள்ளே வைத்தார்.

"காஞ்சிருக்கு" என்றார். பிறகு இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார்.

அன்று திரும்பி வரும்போது, செத்த மூன்றின் கூண்டுத் துணிகளைத் தனி மூட்டையாகக் கட்டி அவரே சுமந்து வந்தார். நான் கேட்டும் தரவில்லை. கூடத்துக்கு வந்து நாலாவது இயந்திரத்தில் போட்டார். "கோட்டான், இதுல இனிமே வாசனை கிடையாது" என்றார். "எண்ணெய் மறுபடி எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? இது ஒண்ணாவது சுத்தமா இருக்கட்டும்."

ஓட்டல் மறுபடி திறந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் கூட்டம் அதிகம், நாலாவதிலும் ஓட்டல் துணி போட வேண்டியதாயிற்று. மேல்மாடியிலிருந்து ஆறு துண்டுகள் திரும்பி வந்தன, சொரசொரவென்று இருக்கிறதாம். அண்ணி அவற்றைப் பிரித்துப் பார்த்தார், புறங்கையால் தொட்டார். "நல்லா காஞ்சுதான இருக்கு" என்றார். மடித்து அப்படியே மேலே அனுப்பிவிட்டார்.